புல்லுக்கு இறைக்கும் நீர்

நெல்லுக்குத் துரு நோய் வராது. கம்புக்கு வரும், சோளத்துக்கு வரும், மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் வரும். கோதுமைக்கு முற்றி வந்துவிட்டாலோ, வயலுக்குள் ஒரு நடை போய் வந்தவரின் காலெல்லாம் செங்கல் தூள் பூசியதுபோல் ஆகிவிடும். பெரிய தானியப் பயிர்களில் இந்த நோய் தீண்டாதது நெல் ஒன்றுதான். குலை நோய், இலையுறைக் கருகல், நெற்பழம் என்று வேறு பூஞ்சாண நோய்கள் நெல்லைப் போதுமான அளவு வாட்டுவதால், இந்த ஒரு அதிர்ஷ்டத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை.

கோதுமை ஆராய்ச்சியாளர்களுக்கு நெல்லின் இந்த அதிர்ஷ்டமே தலைவலியாகிப் போனது. 2005-இல் நெல்லின் மரபணுத் தொகுப்பு முழுதாக வாசிக்கப்பட்டது. தானியப் பயிர்களில் அப்படி வாசிக்கப்பட்ட முதல் பயிர் அது. நெல்லும் கோதுமையும் புல் குடும்பத்துப் பங்காளிகள், ஆகவே நெல்லைப் படித்தால் கோதுமை பாதி புரிந்துவிடும் என்ற நம்பிக்கை அன்றைக்கு இருந்தது. பல விஷயங்களில் அது பலிக்கவும் செய்தது. ஆனால் துருவைப் பற்றி நெல்லிடம் என்ன கேட்பது? ஒரு ரகம் விழுந்து இன்னொரு ரகம் நின்றால்தான், நின்றதில் என்ன இருக்கிறது என்று தேட முடியும். எல்லா நெல்லும் ஒன்றுபோல் தப்பித்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

கோதுமை வடக்கத்திப் பயிர், அதன் துரு நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கதையில் நம் மலைகளுக்கும் ஒரு வேடம் உண்டு, அவ்வளவு நல்ல வேடம் இல்லை. வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சை பிழைக்காது. அப்படியிருக்க ஒவ்வோர் ஆண்டும் அது எங்கிருந்து திரும்பி வருகிறது என்று ஆக்ராவில் பணியாற்றிய கே.சி. மேத்தா பல ஆண்டுகள் தேடினார். கிடைத்த விடை: மலைகள். வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும். சமவெளி காயும் மாதங்களில் இந்தக் குளிர்ச்சியில் தங்கிக்கொள்ளும் தண்டுத் துரு, பருவம் வந்ததும் காற்றில் ஏறி மத்திய இந்தியாவுக்குப் போய்ச் சேருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ஒரு கோதுமை நிலையம் வைத்திருக்கிறதே, அங்கே துரு தானாகவே வருவதுதான் அதன் வசதி. நோய் வந்தால்தானே எந்த ரகம் தாங்குகிறது என்று தெரியும்.

சரி, நெல் ஆகாது. கோதுமைக்குப் பதிலாக ஆய்வகத்தில் வைத்துப் படிக்க வேறு எந்தப் புல்?

2001-இல் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் நகரிலிருந்து ஜான் டிரேப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு பெயரை முன்வைத்தார்கள்: பிராக்கிபோடியம் டிஸ்டாக்கியான். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து துருக்கி, இராக் வரை வறண்ட சரிவுகளிலும் பாதையோரங்களிலும் முளைக்கும் ஒரு காட்டுப் புல். நம் கண்ணில் பட்டால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். டீ டம்ளர் அளவு தொட்டியில் வளர்த்துவிடலாம். ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் வரிசைகளுக்கு (ஒரே செடியின் வழிவந்த விதைக் குடும்பங்களை வரிசை என்பார்கள்) ஒரு நாளில் 20 மணி நேரம் விளக்கு வெளிச்சம் கொடுத்தால், விதையிலிருந்து மறு விதைக்கு 8 முதல் 12 வாரம் போதும். பூ பெரும்பாலும் திறப்பதே இல்லை. தன் மகரந்தத்தாலேயே மணி பிடித்துவிடுவதால், ஒரு வரிசையின் குணம் அடுத்த தலைமுறைக்கும் கலப்பில்லாமல் போகும். மரபணு ஆய்வில் இருப்பவருக்கு இதைவிடச் சாதுவான செடி கிடைக்காது.

2010-இல் இதன் மரபணுத் தொகுப்பு நேச்சர் இதழில் வெளியானது. வாசிக்கப்பட்ட வரிசையின் பெயர் பிடி21. அதன் மூதாதை இராக்கில் சேகரித்த விதை. ஐந்து சோடி குரோமோசோம்கள், 27.2 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 25 ஆயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். கோதுமைத் தொகுப்போ ஏறத்தாழ 1,700 கோடி எழுத்து. புல்லினுடையது ஒரு புத்தகம் என்றால் கோதுமையினுடையது அதே கனத்தில் அறுபது புத்தகங்கள், அதிலும் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே வரிகள்.

நீளம் மட்டும் பிரச்சினை இல்லை. ரொட்டிக் கோதுமை மூன்று காட்டு இனங்கள் அடுத்தடுத்துக் கலந்து பிறந்த பயிர். அதனால் பெரும்பாலான மரபணுக்கள் அதில் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க, அதைக் கெடுத்துவிட்டுச் செடியைப் பார்ப்பதுதான் வழக்கமான வழி. கோதுமையில் ஒன்றைக் கெடுத்தால் மற்ற இரண்டும் வேலையை எடுத்துக்கொள்ளும், செடியில் ஒரு மாற்றமும் தெரியாது. சாம்பல் நோய்க்கு இடம் கொடுக்கும் எம்.எல்.ஓ. என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். பார்லியில் இது ஒரே பிரதி. அது கெட்டுப்போன பார்லிச் செடிகளுக்குச் சாம்பல் நோய் வராது என்று எத்தனையோ பத்தாண்டுகளாகத் தெரியும். அதே எதிர்ப்பைக் கோதுமைக்குக் கொண்டுவர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரபணுத் திருத்தக் கருவிகளால் மூன்று பிரதிகளையும் ஒரே செடியில் வெட்டிய பிறகுதான் அது நடந்தது.

அப்படியானால் தாவர ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அரபிடாப்சிஸ் போதாதா என்று கேட்கலாம். தாவர நோய் எதிர்ப்பைப் பற்றி இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதில் பெரும்பங்கு அந்தச் சின்னச் செடி சொன்னதுதான். ஆனால் அது கடுகுக் குடும்பம். புல்லின் செல்சுவர் வேறு சரக்கால் ஆனது, இலைத்துளையின் வாய் வேறு மாதிரி, எல்லாவற்றுக்கும் மேலாக அரபிடாப்சிஸுக்குக் கதிர் கிடையாது. கதிரில் வரும் நோயைக் கதிரே இல்லாத செடியில் எப்படிப் பார்ப்பது? வேரில் குடியிருந்து மணிச்சத்தைத் தேடிக் கொடுக்கும் நல்ல பூஞ்சைகள் கூட அரபிடாப்சிஸை அண்டுவதில்லை. பிராக்கிபோடியத்தின் வேரில் அவை ஒட்டிக்கொள்கின்றன. உறவுமுறையிலும் இந்தப் புல் கோதுமைக்குக் கிட்டத்துச் சொந்தம். இரண்டும் பிரிந்து 3.2 முதல் 3.9 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது 2010-இல் போட்ட கணக்கு. நெல் அதற்கும் முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டது.

இதெல்லாம் புல்லின் ஜாதகப் பொருத்தம். பொருத்தம் பார்த்தாயிற்று, குடும்பம் எப்படி நடந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே பதில் இல்லை, எந்த நோயைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைப் பேசும் கட்டுரைகளில் பல, பட்டியல் போட்டு “இந்த நோயும் வரும், அந்த நோயும் வரும்” என்று மதிப்பெண் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. என் கணக்கில், வராத நோய்களிலும் பாதியில் நின்றுபோன நோய்களிலும்தான் இந்தப் புல் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் வந்த நோயைப் பார்ப்போம். குலை நோய். தஞ்சை டெல்டாவுக்கு இது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம், 1919-இல் அங்கே பெரிய அளவில் தாக்கியது பதிவாகியிருக்கிறது. வயலில் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. கதிரின் கழுத்தில் வந்துவிட்டால் கழுத்து கறுத்து ஒடியும், மணி பதராகும். பூஞ்சை உள்ளே நுழையும் விதம் விசித்திரமானது. இலைமேல் விழுந்த வித்து முளைத்து, நுனியில் ஒரு குமிழை உண்டாக்கும். குமிழின் சுவரில் கருநிறப் பூச்சு ஏறும். உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போய் 80 வளிமண்டலம் வரை எட்டும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஓர் ஊசிமுனை புறப்பட்டு இலைத்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு சாமான், இலையில் துளை போடுகிறது.

இந்தக் காட்சி அப்படியே பிராக்கிபோடியத்திலும் நடக்கிறது என்று 2004-இல் அபரிஸ்ட்வித் குழு காட்டியது. ஏபிஆர்1 என்ற வரிசை நெல்லைப்போலவே விழுந்தது. ஏபிஆர்5 தாக்குப்பிடித்தது. ஒன்று விழ, ஒன்று நிற்க, ஆய்வுக்கு வேண்டிய சோடி கிடைத்துவிட்டது. ஆனால் மனம் விட்டுச் சொன்னால், குலை நோய்க்கு இந்தப் புல் அவ்வளவு அவசியமில்லை. அதற்கு நெல்லே இருக்கிறது, அதுவும் நன்றாக வாசிக்கப்பட்ட பயிர்.

புல் தன் சோற்றுக்கு உழைத்த இடம் கோதுமையின் கதிர்க்கருகல் நோய். பியூசேரியம் கிராமினேரம் என்ற பூஞ்சையின் வேலை இது. கோதுமை பூக்கும் நாட்களில் மழை தூறினால் போதும், கதிருக்குள் புகுந்துவிடும். பச்சைக் கதிரில் நடுவிலிருந்து மேலே மட்டும் வெளுத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சீக்கிரம் விளைந்துவிட்டதோ என்று ஏமாறலாம். பிரித்துப் பார்த்தால் மணி சுருங்கி, வெளிறி, சில சமயம் இளஞ்சிவப்புப் படர்ந்து இருக்கும்.

மகசூல் போவது ஒரு பக்கம். மிஞ்சிய மணியில் பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு இன்னொரு பக்கம். டி-ஆக்ஸி-நிவலினால், சுருக்கமாக டான். செல்லுக்குள் புரதம் தயாராகும் இயந்திரத்தைப் பிடித்து நிறுத்திவிடும் நஞ்சு இது. பன்றிக்கு நஞ்சேறிய தீனி போட்டால் தின்ன மறுக்கும், வாந்தி எடுக்கும். வாந்தி நஞ்சு என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் மனிதர் உண்ணும் கோதுமைப் பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இது இருக்கக்கூடாது என்பது வழிகாட்டு வரம்பு. நம் நாட்டிலும் இந்த நஞ்சுக் குடும்பம் ஆளைப் படுக்க வைத்திருக்கிறது. 1987-இல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்து பூத்துப்போன கோதுமையில் செய்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு வயிற்று வலியும் தொண்டை எரிச்சலும் வந்தன. சோதித்த மாவில் டானும் அதன் உறவு நஞ்சுகளும் இருந்தன.

இந்த நோய்க்குக் கோதுமையில் எதிர்ப்பு மரபணு தேடுவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும்: எப்.எச்.பி.1. சீனத்தின் சுமாய் 3 ரகத்தில் இருக்கும் இந்த எதிர்ப்பு எந்தக் குரோமோசோமில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று 1999-இலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பகுதிக்குள் எந்த மரபணு என்று 2016-இல் ஒரு குழு சொன்னது. 2019-இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் வேறொரு மரபணுவைக் காட்டின. அந்த இரண்டு குழுவும் கூட அது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒத்துப்போகவில்லை. இருபது ஆண்டுகள், கெட்டிக்காரக் குழுக்கள், இருந்தும் சண்டை தீரவில்லை. கோதுமைத் தொகுப்பின் நெரிசல் அப்படி.

2011-இல் இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையம், பியூசேரியத்தைப் பிராக்கிபோடியத்தின் மேல் விட்டுப் பார்த்தது. வெட்டிய இலைத்துண்டுகளை அகார் கூழின்மேல் பரப்பி, பூஞ்சை வித்து கலந்த நீரைத் துளி துளியாக வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கும் வேலை. தட்டச்சுப் பலகை அளவு இடத்தில் ஒரு சோதனையையே முடித்துவிடலாம். புல் ஒழுங்காக நோய்வாய்ப்பட்டது. இலை கருகியது, கதிர் வெளுத்தது, திசுவுக்குள் டான் நஞ்சும் சேர்ந்தது. அதோடு எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. பூஞ்சை பல இடங்களில் முதலில் பற்றிக்கொண்டது இலையின் மேலுள்ள மயிரை. மயிரின் அடியைச் சுற்றிப் பூஞ்சை இழைகள் வளைய, அந்தச் செல் பழுப்பாகி இறக்க, அங்கிருந்துதான் நோய் பரவியது. இலைமயிர் செடிக்குக் கவசம் என்றுதான் படித்திருப்போம். இங்கே அதுவே திறந்து கிடக்கும் கொல்லைப்புறக் கதவு.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. டானை எதிர்கொள்ளத் தாவரங்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. நஞ்சின் மூலக்கூறில் ஒரு சர்க்கரையைக் கோத்துவிடுவது. சர்க்கரை மாட்டிய டானால் புரத இயந்திரத்தைப் பிடிக்க முடியாது. கோக்கும் வேலையைச் செய்யும் நொதிகளுக்கான மரபணுக்கள் ஒவ்வொரு செடியிலும் நூற்றுக்கணக்கில் உண்டு. எது டானுக்கானது? பார்லியில் ஒன்று தெரிந்திருந்தது. அதோடு ஒப்பிட்டுப் புல்லில் தேடியபோது, ஐந்தாவது குரோமோசோமில் வரிசையாக நிற்கும் ஒத்த மரபணுக்களில் டானுக்குச் சர்க்கரை கோக்கத் தெரிந்தவை சிக்கின. பிரான்ஸில் ஒரு குழு 2016-இல் அதில் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் சோதித்தது. மரபணு கெட்ட செடிகள் நோயில் அதிகம் விழுந்தன. மரபணுவை முடுக்கிவிட்ட செடிகள் தாங்கின. ஒரே பிரதி உள்ள சின்னத் தொகுப்பு என்பதால் கெடுத்துப் பார்ப்பதும் கூட்டிப் பார்ப்பதும் இவ்வளவு சுத்தமாக நடந்தது. 2019-இல் அதே புல் மரபணுவைக் கோதுமைக்குள் செலுத்தினார்கள். கதிருக்குள் நோய் பரவுவது குறைந்தது.

நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்போம். இங்கே புல்லுக்கு இறைத்தது கோதுமைக்குப் பொசிந்தது. ஆனால் உடனே மாலை போட்டுவிட வேண்டாம். சர்க்கரை கோத்த டான் செடிக்குத்தான் சாது. அதை நாமோ பன்றியோ தின்றால் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றி நஞ்சை மறுபடி வெளியே விடக்கூடும். சாதாரணச் சோதனையில் இந்த ஒளிந்த டான் கணக்கில் வராமலும் போகலாம். செடியின் பிரச்சினை தீர்வதும் சாப்பிடுபவரின் பிரச்சினை தீர்வதும் ஒன்றல்ல. நோயே பரவாமல் நின்றால் நஞ்சும் குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனாலும் அதை மணியில் அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இனி துருவுக்கு வருவோம், தொடங்கியதே அதில்தானே. பிராக்கிபோடியத்துக்கு என்றே ஒரு துருப் பூஞ்சை காட்டில் உண்டு. அந்த வகையில் நெல்லைவிட நல்ல மாதிரி. ஆனால் கோதுமைத் துருவை இதன்மேல் தூவினால் என்ன ஆகும்? வித்து முளைக்கிறது. முளைக்குழாய் இலையின் மேட்டையும் பள்ளத்தையும் தடவிக்கொண்டே போய் ஓர் இலைத்துளையைக் கண்டுபிடிக்கிறது. துருப் பூஞ்சை இலைத்தோலைக் குத்தாது, துளையின் உதட்டை விரலால் தடவி அறிவதுபோல் அறிந்து அதன்மேல் உட்காரும். பிராக்கிபோடியத்திலும் இவ்வளவும் நடக்கிறது. உள்ளேயும் நுழைகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. சில வரிசைகளில் நுழைந்த இடத்திலேயே, சிலவற்றில் கொஞ்சம் பரவிய பிறகு. அபூர்வமாகச் சிலவற்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துருக் கொப்புளம். விளைந்த கோதுமை வயலில் நாம் பார்க்கும் செம்பொடி மட்டும் வரவே வராது.

“நோய் ஒழுங்காக வரவில்லை, ஆகவே மாதிரி தேறவில்லை” என்று கோப்பை மூடிவிடலாம். சிலர் மூடியும்விட்டார்கள். நார்விச் ஆய்வாளர்கள் அதை வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரு செடி முழுதாக விழுவதும் இல்லை, முழுதாகத் தப்பிப்பதும் இல்லை. வரிசைக்கு வரிசை வித்தியாசம் இருக்கிறது. இதுதான் நெல்லில் கிடைக்காத சாமான். கொஞ்சம் இடம் கொடுக்கும் வரிசையையும் அடியோடு மறுக்கும் வரிசையையும் கலந்து, பேரப்பிள்ளைகளில் யார் எவ்வளவு மறுக்கிறார்கள் என்று எண்ணினால், மறுக்கும் குணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கோதுமையின் மஞ்சள் துருவை வைத்து அப்படி எண்ணி 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூஞ்சை பரவாமல் தடுப்பதில் பெரும்பங்கு ஒரு சில மரபணு இடங்களுக்குத்தான் இருந்தது.

இது ஏன் முக்கியம்? கோதுமை வளர்ப்பவர்கள் ரொம்ப நாளாக ஏங்குவது நீடித்து நிற்கும் எதிர்ப்புக்கு. ஒரு காவல் மரபணுவைப் புதிய ரகத்தில் சேர்த்து வெளியிடுவார்கள், சில ஆண்டுகளில் துரு அதைத் தாண்டக் கற்றுக்கொள்ளும். உகாண்டாவில் 1998-இல் கண்ட, யுஜி99 என்று பெயர் பெற்ற தண்டுத் துரு, உலகம் முழுக்க நம்பியிருந்த எஸ்.ஆர்.31 என்ற எதிர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. அப்படியிருக்க ஓர் இனம் முழுவதுமே கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரு நோயை அண்டவிடாமல் இருக்கிறது என்றால், அதன் ரகசியம் வேறு தரத்தில் இருக்க வேண்டும், அதைக் கோதுமைக்குக் கொண்டுவந்தால் துரு தாண்டவே முடியாது என்பது பழைய கனவு. புல்லில் எண்ணிப் பார்த்தபோது தெரிந்த கணக்கு, கோதுமைக்குள்ளேயே நாம் பார்க்கும் எதிர்ப்பின் கணக்கைப் போலத்தான் இருந்தது. சில பெரிய மரபணுக்கள், அவ்வளவுதான். கனவு கண்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது இந்தப் புல் கொடுத்த பதில்களிலேயே கனமானதாகப் படுகிறது. அண்டாத நோய் என்பது ஆயிரம் பூட்டுகள் போட்ட கோட்டை என்று நினைத்திருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் சில இடங்களில் இரண்டு மூன்று தாழ்ப்பாள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் கோதுமையின் பெரிய எதிரியான செப்டோரியா இலைப்புள்ளிப் பூஞ்சை, புல்லின் இலைத்துளைக்குள் நுழைவதோடு சரி, தன் சுற்றை முடித்து வித்துக்கூடு வைப்பதில்லை. சாம்பல் நோய் பெரும்பாலும் வாசலிலேயே தடுக்கப்படுகிறது. நெல்லின் இலையுறைக் கருகலுக்குக் காரணமான ரைசாக்டோனியா நன்றாகவே தாக்குகிறது. அதற்குக் கூச்சநாச்சம் கிடையாது, எந்தச் செடியையும் விடாது. வேர் நோய்களில் இன்னும் நிறைய பார்க்கலாம். சின்ன வேர், கண்ணாடித் தட்டிலேயே வளர்த்துப் படமெடுக்கலாம் என்ற வசதியை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. பிராக்கிபோடியம் டிஸ்டாக்கியான் என்று சேகரித்து வைத்திருந்த விதைகளில் 10 குரோமோசோம் உள்ளவையும் 20 உள்ளவையும் 30 உள்ளவையும் இருந்தன. ஒரே இனம், குரோமோசோம் மட்டும் இரட்டித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2012-இல் பார்த்தால் அவை மூன்று தனி இனங்கள். முப்பது உள்ளது மற்ற இரண்டும் கலந்து பிறந்தது. எந்தப் பழைய சோதனையில் எந்த விதை இருந்தது என்று பெட்டிகளைத் திறந்து மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. கலப்பில்லாத சாதுச் செடி என்று பெயர் வாங்கிய புல்லின் குடும்பத்திலேயே கலப்புப் பிள்ளை.

இன்றைக்கு வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. கோதுமையின் தொகுப்பு 2018-இல் சீராக வாசிக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு வந்த வேக வளர்ப்பு முறையில், ஒரு நாளில் 22 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து வசந்தகாலக் கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள். மூன்று பிரதிகளையும் ஒன்றாக வெட்டும் கருவி கையில் இருக்கிறது. இனி அசலையே கேட்கலாமே, நகல் எதற்கு?

பாதி ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம்தான். சின்னத் தொகுப்பு, வேகம் என்ற இரண்டை மட்டும் வைத்துப் புல்லை விற்றவர்களின் கடையில் இப்போது கூட்டம் குறைவு. ஆனால் புல்லிடம் இருக்கும் இன்னொன்றைக் கோதுமை இழந்துவிட்டது. கோதுமை பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்தது. அதில் நாம் வைத்திருப்பவை நாம் தேர்ந்தெடுத்தவை. பிராக்கிபோடியத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்பெயினின் சரிவிலும் துருக்கியின் மேட்டிலும் அந்தந்த ஊர்ப் பூஞ்சைகளோடு அது தானாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. 2017-இல் 54 வரிசைகளின் தொகுப்பை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் இருந்த மரபணுக்கள் எந்த ஒரு செடியிலும் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லாச் செடியிலும் இருப்பவை பிழைப்புக்கு அடிப்படையானவை. சிலவற்றில் மட்டும் இருப்பவற்றில் தற்காப்பு மரபணுக்களின் பங்கு கூடுதல். பிடி21-ஐ மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இதில் பாதி கண்ணிலேயே பட்டிருக்காது.

காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்கு மரபணு போவதும் புதிதில்லை. கதிர்க்கருகலுக்கு எதிரான எப்.எச்.பி.7 வந்தது கோதுமையின் வேறொரு காட்டுச் சொந்தக்காரப் புல்லிலிருந்து. 2020-இல் அதை அடையாளம் கண்டபோது, அதுவும் டானைச் செயலிழக்கச் செய்யும் நொதிதான் என்று தெரிந்தது. இதில் வேடிக்கை, அந்த மரபணுவைப் புல்லே ஒரு பூஞ்சையிடமிருந்து எந்தக் காலத்திலோ வாங்கியிருக்கிறது. பூஞ்சையின் நஞ்சுக்குப் பூஞ்சையின் மருந்து, நடுவில் தரகு புல்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு, அதுதான் பயமுறுத்துவது. குலை நோய் முன்பெல்லாம் கோதுமையைத் தொட்டதில்லை. 1985-இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகத் தொட்டது. ஏன் தொட்டது என்பதற்கு 2017-இல் ஒரு விளக்கம் வந்தது. கோதுமையில் ஆர்.டபிள்யூ.டி.3 என்ற ஒரு காவல் மரபணு, புல்வெளிகளில் இருந்த குலைப் பூஞ்சையை அண்டவிடாமல் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் பிரேசிலில் அனாவாக் என்ற கோதுமை ரகம் பரவலாகப் பயிரானது, அதில் அந்த மரபணு இல்லை. பக்கத்துப் புல்லில் இருந்த பூஞ்சை அந்த வாசல் வழியே கோதுமைக்குள் வந்து, அங்கேயே பழகி, பிறகு மரபணு உள்ள ரகங்களையும் தாண்டக் கற்றுக்கொண்டது. கோட்டை என்று நினைத்த இடத்தில் ஒரு தாழ்ப்பாள்தான் இருந்தது, அதையும் தெரியாமலே கழற்றி வைத்திருந்தார்கள்.

2016 பிப்ரவரியில் அந்த நோய் வங்கதேசத்தில் தென்பட்டது. ஆசியாவில் அதுவே முதல் முறை. ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது, சில வயல்களைக் கொளுத்த வேண்டியதாயிற்று. பூஞ்சையின் மரபணுவை வாசித்தபோது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்க அரசு, முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் இரண்டு ஆண்டுகளுக்குக் கோதுமை விதைக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தது. மற்ற எல்லை மாவட்டங்களில் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் விதைக்கக்கூடாது. வேலி போட முடியாத பூஞ்சைக்கு, கோதுமையே இல்லாத ஒரு வெற்றுப் பட்டைதான் வேலி. அந்தப் பட்டையில் புல் வழக்கம்போல் முளைத்துக்கொண்டிருந்திருக்கும்.